ராடாரில் தெரிந்தது என்ன?

"பறக்கும் தட்டு" என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் புன்னகை செய்யாத மனிதர் சொற்பம். பத்திரிகைக் காரியாலயங்களிலும் இத்தகைய தந்தி வந்தால், வேறு செய்தி அகப்படாத நாளில் ஒரு மூலையை நிரப்ப உதவுமென்று எடுத்து வைப்பது வழக்கம். ஆயினும் 2023-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி வாஷிங்டன் நகரில், அமெரிக்கப் பிரதிநிதி சபையின் உப கமிட்டியொன்றின் முன் நடந்த விசாரணையை அவ்விதம் மூலையில் ஒதுக்கிவிட முடியாது. அங்கே பிரமாணம் செய்து சாட்சி சொன்ன மூவரில் இருவர் அந்நாட்டுக் கடற்படையில் யுத்த விமானம் ஓட்டியவர்கள். ஒருவர் ஒரு விமானப் பிரிவுக்கே தளபதியாக விளங்கியவர். பல கோடி டாலர் பெறுமான விமானத்தையும், அதில் ஏற்றும் குண்டுகளையும் இவர்களை நம்பி ஒப்படைத்த சர்க்கார், வானத்தில் தாங்கள் கண்டதை இவர்கள் சொல்லும்போது மட்டும் சிரிப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு விஜயம் செய்கிறார்களா என்று ஆராய நாம் முற்படவில்லை. அவர்கள் வந்ததற்கு ருஜு இதுவரை யாரும் காட்டவில்லை. காட்டினால் அன்றைக்கு எழுதுவோம். நாம் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. பிரமாணத்தின் பேரில் சொல்லப்பட்ட வாக்குமூலத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குரிய கருவிப் பதிவுகள் யார் வசம் இருக்கவேண்டும், அவற்றை ஜனங்களுக்குக் காட்டாமலிருக்க அதிகாரிகளுக்கு எவ்வளவு தூரம் உரிமையுண்டு என்பதே அது.

முதலில் சங்கதியைச் சொல்லுகிறோம். 2004-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதன் துணைக் கப்பல்களும் தெற்குக் காலிபோர்னியாக் கரைக்கு அப்பால் யுத்தப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தன. துணைக் கப்பல்களில் பிரின்ஸ்டன் என்பது ஒன்று. அதிலுள்ள ராடார் அக்காலத்தில் உலகிலேயே மிகச் சிறந்தவற்றில் ஒன்றெனப் பெயர் பெற்றது. அந்த ராடாரில் பல நாட்களாக இனந்தெரியாத பொருள்கள் காணப்பட்டன என்றும், அவை 80,000 அடி உயரத்திலிருந்து 20,000 அடிக்கு அதிவேகமாக இறங்கி, அங்கே நின்று, திரும்பவும் மேலே போயின என்றும் கப்பலிலிருந்தவர்கள் கூறினர். 14-ந் தேதியன்று பயிற்சிக்காகக் கிளம்பிய இரண்டு விமானங்களை அவர்கள் திசை திருப்பி, அங்கே என்ன இருக்கிறதென்று பார்த்துவரச் சொன்னார்கள். முதல் விமானத்தை ஓட்டியவர் தளபதி டேவிட் பிரேவர். இரண்டாவதை ஓட்டியவர் அலெக்ஸ் டீட்ரிக் என்ற பெண் விமானி. விமானத்துக்கு இருவராக மொத்தம் நால்வர். ஆயுதம் ஏதுமில்லை, பயிற்சிக்குரிய போலி ஏவுகணை மாத்திரமே இருந்தது.

ஆகாயம் நிர்மலமாயிருந்தது. கடலில் ஓரிடத்தில் பாறை மறைந்திருந்தால் அலை உடைவதுபோல ஜலம் வெண்மையாகக் கொந்தளித்தது. அதற்கு மேலே வெண்ணிறமாய், சிறகோ வாலோ இல்லாமல், ஏறக்குறைய 40 அடி நீளத்தில், மிட்டாய்க் குளிகையைப் போன்ற வடிவத்தில் ஒரு பொருள் அங்குமிங்கும் துள்ளிக்கொண்டிருந்ததாக பிரேவர் சொல்லுகிறார். அவர் வட்டமிட்டுக் கீழே இறங்க, அது அவரைப் பார்த்ததுபோல் எதிர் வட்டமிட்டு மேலே ஏறிற்று. குறுக்கே பாய்ந்து அதை மறிக்க முயன்றார். கண நேரத்தில் அது மறைந்துவிட்டது. மேலேயிருந்து பார்த்த டீட்ரிக்கும் அப்பொருளைக் கண்டதாகச் சொல்லுகிறார். அது போன சிறிது நேரத்திற்கெல்லாம், ஒரு நிமிஷத்திற்கும் குறைவான அவகாசத்தில், 60 மைலுக்கு அப்பால் அவ்விமானங்கள் கூடவேண்டிய இடத்தில் அது தோன்றியிருப்பதாகப் பிரின்ஸ்டனிலிருந்து செய்தி வந்தது. பின்னர் அதே தினத்தில் சென்ற வேறொரு விமானி தமது வெப்பக் காமிராவில் ஒரு பொருளைப் படம் பிடித்தார். 2017-ம் வருஷம் டிசம்பரில் "நியூயார்க் டைம்ஸ்" வெளியிட்டு உலகமெங்கும் பரவியது இந்தப் படமே. அமெரிக்க யுத்த இலாகா 2020-ம் வருஷம் ஏப்ரலில்தான் இதையும் வேறு இரண்டு படங்களையும் உத்தியோக பூர்வமாக வெளியிட்டது.

இந்தச் சாட்சியம் கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும்? இதில் நமது தொழிற்பழக்கம் சிறிது தலையிடுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நால்வர் கண்ணால் கண்டார்கள், கப்பல் ராடாரில் கண்டது, காமிராவும் கண்டது, மூன்று சாட்சிகள் ஒன்றையே சொல்லுகின்றன, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். சற்று நெருங்கிப் பார்த்தால் மூன்றும் ஒரே சமயத்தில் ஒரே பொருளைக் கண்டதாகத் தெரியவில்லை. கண்ணால் கண்ட நால்வரின் விமான ராடாரில் அது பிடிபடவில்லை. படம் பிடித்த விமானி தம் கண்ணால் அதைப் பார்க்கவில்லை. 60 மைல் தூரத்தை ஒரு நிமிஷத்துக்குள் கடந்தது என்றால் மணிக்கு 3,600 மைலுக்கு மேற்பட்ட வேகம். ஆனால் அது அந்தத் தூரத்தைக் கடந்ததை யாரும் பார்க்கவில்லை. இங்கே ஒன்று மறைந்தது. அங்கே ஒன்று தோன்றிற்று. மயிலாப்பூரில் மறைந்த மனிதனும் மறு நிமிஷம் தாம்பரத்தில் நின்ற மனிதனும் ஒருவனே என்று ஸ்தாபிக்க வேண்டுமானால், வழி நெடுக அவனைக் கண்டவர் வேண்டும். இவ்வழக்கில் அப்படிக் கண்டிருக்கக்கூடிய ஒரே சாட்சி பிரின்ஸ்டனின் ராடார் பதிவு. அது தொடர்ச்சியான கோடாக இருந்ததா, இரண்டு தனித்தனிப் புள்ளிகளாக இருந்ததா என்பதைப் பார்த்துவிட்டால் பாதி வழக்குத் தீர்ந்துபோகும்.

அந்தப் பதிவு இதுகாறும் பொது ஜனங்களின் முன் வைக்கப்படவில்லை. பதிவுகளை யாரும் வாங்கவுமில்லை, தம் சகாக்களில் ஒருவரையும் கூப்பிட்டு விசாரிக்கவுமில்லை என்று பிரேவர் சாட்சி சொல்லுகிறார். அக்கப்பல்களில் வேலை பார்த்த வேறு சிலரோ, யாரோ வந்து பதிவுகளை எடுத்துச் சென்றார்கள் என்கிறார்கள். இரண்டும் மெய்யாயிருக்க முடியுமா? ஒருவேளை விமானப் பதிவைப் பற்றி அவரும், கப்பல் பதிவைப் பற்றி இவர்களும் பேசுகிறார்களோ என்னவோ. விசாரித்துத் தீர்க்க வேண்டிய அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 114-வது பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. கொண்டுவரக்கூடிய சாட்சியத்தை ஒருவர் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தால், அது வந்திருந்தால் அவருக்கே பாதகமாய் இருந்திருக்குமென்று கோர்ட்டார் ஊகிக்கலாம் என்பது அதன் சாரம். 2024-ம் வருஷம் ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டத்திலும் இவ்விதி நிற்கிறது. அமெரிக்க நீதிபதிகளுக்கும் இது தெரியாத தத்துவமல்ல. "ஊகிக்கலாம்" என்றே சட்டம் சொல்லுகிறது, "ஊகிக்க வேண்டும்" என்று சொல்லவில்லை என்பதையும் குறிப்பிடுகிறோம். ஆனால் வதந்தி கிளப்புகிறவர்கள் இந்தப் பேதத்தைப் பார்ப்பதில்லை.

நிற்க. ராடாரில் தெரிந்தால் அது மெய்ப் பொருளாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஜனங்களிடையே பரவியுள்ள எண்ணம். மனிதன் பொய் சொல்லுவான், யந்திரம் பொய் சொல்லாது என்கிறார்கள். யந்திரம் பொய் சொல்லாதுதான். ஆனால் அது சொல்லுவதன் பொருளை அறிவதற்கு மனிதன் வேண்டும். ராடார் என்பது ரேடியோ அலையை அனுப்பி, எதிலாவது மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்பது. திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. அலை நேர்க்கோட்டில் போனது என்று அது எண்ணிக்கொள்கிறது. சாதாரணமாக உயரே செல்லச் செல்லக் காற்றில் வெப்பம் குறையும். கோடைக்கால இரவில் காற்று அசையாமல் நிற்கும்போது தரை குளிர்ந்து, அதற்கு மேலே வெப்பக் காற்று ஒரு படலமாகத் தங்குவதுண்டு. அப்பொழுது அலை வளைந்து கீழே இறங்கித் தரையிலுள்ள கட்டிடத்திலோ வாகனத்திலோ பட்டுத் திரும்பும். வளைந்த கதை ராடாருக்குத் தெரியாது. ஆகாயத்தில் ஏதோ பறக்கிறதென்று காட்டிவிடும்.

1952-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வாஷிங்டன் நகரத்தின் மேலேயே இந்த விவகாரம் கிளம்பிற்று. ஜூலை 19-ந் தேதி நடுநிசிக்குச் சற்று முன், தலைநகர விமான நிலையத்து ராடாரில் ஏழு புள்ளிகள் தோன்றின. அருகிலுள்ள ஆண்ட்ரூஸ் விமானத் தளத்து ராடாரிலும் கண்டார்கள். ஆகாயத்திலிருந்த சில விமானிகள் ஒளிகளைக் கண்டதாகச் சொன்னார்கள். ஜெட் விமானங்கள் வந்தன; போயின. அடுத்த வாரக் கடைசியிலும் அதுவே திரும்ப நடந்தது. ஜனாதிபதி மாளிகையின் மேல் இனந்தெரியாதவை பறந்தன என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. 29-ந் தேதி விமானப் படையைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் ஸாம்போர்டு பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, மேலே நாம் சொன்ன வெப்பப் படலமே காரணமாயிருக்கலாம் என்றார். ராடார் திரையின் முன் உட்கார்ந்திருந்தவர்களோ, அத்தகைய மாயப் புள்ளிகள் தங்களுக்குப் பழக்கமானவை, அன்று கண்டவை அப்படி இல்லை என்று சாதித்தார்கள். சிவில் விமான இலாகாவினர் பின்னர் நடத்திய ஆராய்ச்சி ஸாம்போர்டின் விளக்கத்துக்குப் பெரும்பாலும் அனுசரணையாக இருந்தது. 1990-ம் வருஷம் மார்ச்சில் பெல்ஜியத்தின் மேல் இரண்டு யுத்த விமானங்கள் ராடாரில் பற்றிய பொருள்களில் சில, அவ்விரு விமானங்களுள் ஒன்று மற்றொன்றையே பற்றியது என்று பிற்பாடு தெரியவந்ததையும் இதனுடன் வைத்துப் பார்க்கலாம்.

ராடாரைப் பற்றி இன்னுமொரு செய்தி இதைவிட முக்கியமானது. ராடார் கேட்பதையெல்லாம் திரையில் காட்டினால் பறவையும் மேகமும் நிரம்பி ஒன்றும் புரியாது. ஆகவே மெதுவாக ஊர்கின்றவற்றைத் தள்ளிவிடும்படி அதற்குக் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். 2023-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி சீன பலூன் ஒன்றைச் சுட்டு வீழ்த்திய பிறகு, அமெரிக்கர்கள் இந்தக் கட்டளையைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதுதான் தாமதம், அதுவரை தெரியாதவை தெரியலாயின. பிப்ரவரி 10, 11, 12 ஆகிய மூன்று தினங்களிலும் அலாஸ்கா, யூகான், ஹ்யூரன் ஏரி ஆகிய இடங்களில் தினம் ஒன்றாக மூன்று பொருள்களைச் சுட்டார்கள். ஒரு ஏவுகணையின் விலை 4 லட்சம் டாலருக்கு மேல். ஏரியின் மேல் எய்த முதல் கணை குறி தவறிற்று. சில தினங்களுக்குள் ஜனாதிபதி பைடன், அவை தனிப்பட்டவர்களோ ஆராய்ச்சி ஸ்தாபனங்களோ விட்ட பலூன்களாக இருக்கலாமென்று அறிவித்தார். அதே சமயத்தில் பொழுதுபோக்குக் கழகமொன்றின் சிறு பலூன் அப்பிராந்தியத்தில் காணாமற் போயிருந்தது. எலிக்குப் பீரங்கி வைத்த கதையென்று நம்மவர் சொல்லக்கூடும். நாம் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. காதைக் கூர்மையாக்கினால் புதுச் சப்தம் கேட்கும். அந்தச் சப்தம் நேற்றும் இருந்திருக்கும்.

அமெரிக்காவின் கீழ்க்கரையில் விமானம் ஓட்டிய ரயன் கிரேவ்ஸ் கமிட்டியின் முன் சொன்ன வாக்குமூலத்தையும் இந்த வெளிச்சத்தில் படிக்கவேண்டும். அவரது பிரிவின் விமானங்களில் பழைய ராடாரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த பிறகே இனந்தெரியாப் பொருள்கள் தென்பட ஆரம்பித்தன. கருவியின் கோளாறென்று முதலில் எண்ணினார்கள். பிறகு வெப்பக் காமிராவிலும் அவை தெரிந்தன. 2014-ம் வருஷத்தில், வர்ஜீனியாக் கரைக்கு அப்பாலுள்ள பயிற்சி எல்லைக்குள் இரண்டு விமானங்கள் நுழையும்போது, கண்ணாடி உருண்டைக்குள் கருங்கனசதுரம் வைத்தது போன்ற ஒரு பொருள் இரண்டுக்கும் நடுவே 50 அடி தூரத்தில் கடந்ததாம். பயிற்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அபாய அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். பலனில்லை.

அது சீன பலூனோ, அமெரிக்கர்களே விட்ட யந்திரமோ, வேறெதுவோ, 50 அடியில் தப்பிய விமானிக்கு அந்தப் பேதம் என்ன செய்யும்? மோதியிருந்தால் உயிர் போயிருக்கும். 2021-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி அமெரிக்க உளவு இலாகாக்களின் தலைமைக் காரியாலயம் வெளியிட்ட அறிக்கையில், 2004 முதல் வந்த 144 தகவல்களில் 11-ல் மயிரிழையில் மோதல் தப்பியதாக விமானிகள் கூறியிருக்கிறார்கள். அந்த 144-ல் காரணம் நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது காற்றிறங்கிய பெரிய பலூன். 80 தகவல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் சாட்சியாயிருந்தன. விமானிகள் வாய் திறந்து தகவல் கொடுக்கும்படி கடற்படை புது முறையை ஏற்படுத்தியதே 2019-ம் வருஷத்தில்தான். அதற்கு முன்னே சொன்னவனுக்குப் பைத்தியக்காரப் பட்டம். பைத்தியமென்று பெயர் வந்தால் வைத்தியர் சான்று போய்விடும், சான்று போனால் விமானம் போய்விடும், விமானம் போனால் ஜீவனமும் போய்விடும். எவன் சொல்லுவான்?

விமானிகள் கண்டதெல்லாம் அப்படியே சரியென்று நாம் சாதிக்கவில்லை. 2015-ம் வருஷம் ஜனவரியில் எடுத்த படங்களில் ஒன்றில், கடலை உரசிக்கொண்டு ஒரு பொருள் மின்னல் வேகத்தில் பறப்பதுபோல் தோன்றுகிறது. விமானியும் வியந்து கூவுகிறார். நாஸா ஸ்தாபனம் நியமித்த நிபுணர் குழு 2023-ம் வருஷம் வெளியிட்ட கணக்கின்படி அப்பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில் இருந்தது. வேகம் மணிக்கு 40 மைல்தான். ரெயில் வண்டியிலிருந்து பார்ப்பவனுக்கு அருகிலுள்ள பனைமரம் தொலைவிலுள்ள மலைக்கு எதிரே ஓடுவதாகத் தோன்றவில்லையா? படத்தின் ஓரத்திலே காமிராவின் கோணமும், தூரமும், விமானத்தின் உயரமும் எண்களாகப் பதிவாகியிருந்தபடியால் இவ்வளவும் கணக்கிட முடிந்தது. பதிவு வெளிவந்தது, பிரமை தீர்ந்தது. மற்றவற்றுக்கும் இதையே செய்யலாகாதா?

செய்யலாகாது என்பதற்கு இலாகாவினர் சொல்லும் ஆட்சேபத்தில் நியாயமே இல்லையென்று தள்ளிவிட மாட்டோம். ராடாரின் சக்தி எவ்வளவு, எதை அது பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது விரோதிக்குத் தெரியலாகாது. ஆயினும் 2004-ம் வருஷத்துப் பதிவில் இருபது வருஷங்களுக்குப் பிறகும் எவ்வளவு ரகசியம் மிச்சமிருக்கும்? மேலும் ரகசியம் என்ற பெயரால் நடந்தவற்றின் சரித்திரம் இலாகாவினருக்கு அனுகூலமாயில்லை. 1953-ம் வருஷம் ஜனவரியில் உளவு ஸ்தாபனம் கூட்டிய ராபர்ட்ஸன் குழு நாலு நாள் கூடி, ஜனங்கள் மனத்திலிருந்து இவ்விஷயத்தின் மர்மத்தை அகற்றப் பிரசாரம் செய்யவேண்டுமென்றும், இதில் ஈடுபட்ட தனிச் சங்கங்களைக் கண்காணிக்கவேண்டுமென்றும் யோசனை கூறிற்று. அந்த ஸ்தாபனத்தைப் பற்றிச் சரித்திரக்காரர் ஒருவர் 1997-ல் எழுதிய கட்டுரை, உயரப் பறந்த யு-2 உளவு விமானங்களைக் கண்டவர்களே 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் தகவல் கொடுத்தவரில் பாதிக்கு மேற்பட்டவர் என்கிறது. இந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த விமானங்களை மறைப்பதற்காக விமானப் படையினர் ஜனங்களுக்குத் தவறான சமாதானம் சொன்னார்கள் என்று அதே கட்டுரை ஒப்புக்கொள்கிறது. விமானப் படை நடத்திய விசாரணை 1969-ல் மூடப்பட்டபோது 12,618 தகவல்களில் 701 இனந்தெரியாதவையாகவே நின்றன. ஒருமுறை பொய் சொன்னவர் மறுமுறை மெய்யே சொன்னாலும் சந்தேகம் போகாது. இதற்கு ஜனங்களைக் குறைகூறிப் பயனில்லை.

மூன்றாவது சாட்சி டேவிட் கிரஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி. வேற்றுலக யந்திரங்கள் சர்க்கார் வசம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று தம்மிடம் பலர் கூறியதாக அவர் சொன்னார். இது செவிவழிச் செய்தி. பதிவைக் காட்டாத சர்க்காரை நாம் கேட்கும் கேள்வியை அவரையும் கேட்கவேண்டியதுதான்: பொருளைக் காட்டும்! யுத்த இலாகாவில் இதற்கென 2022-ல் ஏற்பட்ட காரியாலயம், வேற்றுலகத்தாரின் யந்திரம் எதற்கும் ருஜு இல்லையென்று 2024-ம் வருஷம் மார்ச்சில் அறிக்கையிட்டது. அதே வருஷம் அக்டோபர் முடிய 1,652 தகவல்கள் அதற்கு வந்திருந்தன. பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்க முடியாததற்கு அது கூறும் காரணம், போதிய விவரம் இல்லை என்பது. விவரமோ இன்னொரு இலாகாவின் பெட்டியில் இருக்கும்!

இதைத் தீர்க்க ஒரு வழி பிறந்தது. 2023-ம் வருஷம் ஜூலையில் செனட் சபையில் இரு கட்சிகளைச் சேர்ந்த ஷூமரும் ரவுண்ட்ஸும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். ஜனாதிபதி கென்னடியின் கொலை சம்பந்தமான தஸ்தாவேஜுகளை வெளியிட 1992-ல் செய்த சட்டத்தைப் பின்பற்றி, ஒன்பது பேர் கொண்ட சுயேச்சையான குழு ஒவ்வொரு பதிவையும் பார்த்து, வெளியிடலாமா கூடாதா என்று முடிவு செய்யவேண்டும் என்பது அதன் ஜீவநாடி. செனட் ஏற்றது. இரண்டு சபைகளின் பிரதிநிதிகள் கூடிச் சமரசம் செய்தபோது அந்தக் குழுவை எடுத்துவிட்டார்கள். பதிவுகளைத் தேசியச் சுவடிச்சாலையில் சேர்க்கவேண்டுமென்ற விதி மாத்திரம் டிசம்பரில் சட்டமாயிற்று. எதைச் சேர்ப்பது, எதை ரகசியமென்று நிறுத்துவது என்பதில் முதற் சொல் திரும்பவும் அந்த இலாகாக்களுக்கே. பிரதிவாதியே நீதிபதியுமாக உட்காரும் கோர்ட்டில் எந்த வக்கீலும் ஆஜராக விரும்பமாட்டான். எடுத்துவிட்ட குழுவைத் திரும்ப ஏற்படுத்தி, முதற் காரியமாகப் பிரின்ஸ்டனின் பதிவு இருக்கிறதா இல்லையா, இருந்தால் எங்கே, இல்லையென்றால் யார் உத்தரவின் பேரில் அழிந்தது என்று பிரமாணத்தின் பேரில் கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நம் நாட்டிலும் 2023-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி இம்பால் விமான நிலையத்தின் மேல் இனந்தெரியாத பொருளொன்று காணப்பட்டதாகத் தகவல் எழுந்து, சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நின்றது. விமானப் படையினர் ரபேல் விமானங்களை அனுப்பித் தேடினார்கள்; ஒன்றும் அகப்படவில்லை. மணிப்பூர் அன்றிருந்த நிலைமையில் எல்லைப்புறத்து ஆகாயத்தில் பறந்தது எதுவாயினும் அற்ப விஷயமாகாது. அன்றைய ராடார் பதிவு எதைக் காட்டிற்று, தகவல் கொடுக்கும் விமானிக்கும் விமான நிலையச் சிப்பந்திக்கும் நம் இலாகாக்களில் என்ன முறை இருக்கிறது, அவ்விதம் கொடுத்தவனின் உத்தியோகத்துக்கு என்ன பாதுகாப்பு என்ற மூன்று கேள்விகளையும் நமது பார்லிமெண்டு அங்கத்தினர் யாரேனும் ஒருவர் எழுதிக் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலமாகப் பதில் வாங்கலாம்.